ரெண்டுங்கெட்டான் வயசுப் புத்தகங்கள்

கேள்வி:

நான் விருத்தாசலத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் செராமிக் பொம்மை செய்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறோம். அச்சில் ஊற்றுவதும் சூளை வைப்பதும் அவர் பொறுப்பு. பெயிண்டிங், கணக்கு, ஆர்டர் எல்லாம் என் பொறுப்பு. நவராத்திரிக்கு முன்னால் மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் மத்தியானம் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். சூளை ஆறுகிற வரைக்கும் எப்படியும் உட்கார்ந்துதானே ஆகவேண்டும், அப்போது படிப்பேன். வயது 43. பி.காம். படித்தவள். இலக்கியம் முறையாகத் தெரியாது.

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்காக நூலகத்திலிருந்து எடுத்துவரும் புத்தகங்களில் அசிங்கமாக ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் முதலில் நான் புரட்ட ஆரம்பித்தேன். இப்போது அவள் பள்ளிக்கூடம் போனபிறகு நானே தேடி எடுத்துப் படிக்கிறேன். 'டோட்டோ சான்' மூன்று தடவை ஆயிற்று. 'மரப்பாச்சி சொன்ன ரகசிய'த்தை ஒரே மூச்சில் முடித்தேன். இன்னொரு பக்கம், போர்க்காலக் கதைகள் என்றால் ஒரு பைத்தியம். ஆன் ஃபிராங்க் டைரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 'புயலிலே ஒரு தோணி'யைப் பாதி புரியாமலே முடித்தேன். எந்தப் படை எந்தப் பக்கம் போயிற்று என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த நாளில் வீட்டில் என்ன சமைத்தார்கள், குண்டு விழும்போது பிள்ளைகளை எப்படித் தூங்கவைத்தார்கள் என்றுதான் தேடித் தேடிப் படிக்கிறேன்.

என் கொழுந்தனார் தமிழாசிரியர். "அண்ணி இன்னும் அம்புலிமாமா வயசைத் தாண்டலை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிக்கிறார். மாமியாருக்கு வேறு கவலை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா சாவும் சண்டையும்?" என்கிறார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இந்த வயதில் பிள்ளைகள் புத்தகத்தை ரசிப்பது வளர்ச்சி இல்லாததாலா? குழந்தைக் கதையும் போர்க் கதையும் ஒரே ஆளுக்கு எப்படிப் பிடிக்கும்? மகளுக்கு எந்தப் போர்க் கதையைத் தரலாம், எதைத் தள்ளி வைக்கலாம்? தமிழில் நம்மைப் பற்றியே இப்படிப்பட்ட கதைகள் இருக்கின்றனவா?

— ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்:

கொழுந்தனாரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. சிறுவர் பத்திரிகை என்றுதான் பெயர். எங்கள் வீட்டில் அது வந்ததும் முதலில் கையில் எடுப்பவர் என் தாத்தா. வேதாளம் கேட்ட கேள்விக்கு விக்கிரமாதித்தன் என்ன பதில் சொன்னான் என்று பார்த்து, அது சரியான பதில்தானா என்று பாட்டியிடம் ஒரு சண்டையும் போட்டு முடித்த பிறகுதான் எங்களுக்குக் கிடைக்கும். அதே தாத்தாவின் அலமாரியில், 'கல்கி' இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்த 'சிவகாமியின் சபதம்' இருந்தது. அதை நான் பன்னிரண்டு வயதில் படித்தேன். இது பெரியவர்களுக்கு, இது சின்னவர்களுக்கு என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை. நூலகத்துத் தட்டில் ஒட்டுகிற சீட்டு, அடுக்கிவைப்பவரின் வசதிக்காக ஒட்டியது. அதைப் படிப்பவரின் நெற்றியில் ஒட்டவேண்டியதில்லை என்று கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்.

அதற்காக எல்லாச் சிறுவர் புத்தகத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. பாதிக்குமேல், நீதி சொல்வதற்காகக் கதையைக் கூலிக்கு அமர்த்தியவை. நீங்கள் மூன்று தடவை படித்தது அந்த ரகம் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. பத்துக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருக்கிற வயதை நம் வீடுகளில் ரெண்டுங்கெட்டான் வயசு என்பார்கள். அந்த வயதுப் பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கடைக்கு ஓடு, தம்பியைப் பார்த்துக்கொள், அடுப்பை நிறுத்து என்று வேலை சொல்லும்போது பெரிய பெண். பெரியவர்கள் கடன் பற்றியோ கல்யாணம் பற்றியோ பேச உட்கார்ந்தால், "நீ உள்ளே போ" என்கிறபோது சின்னப் பெண். உள்ளே போகிற பிள்ளை சும்மா இருக்காது. கதவுக்குப் பின்னால் நின்று பாதியைக் கேட்கும், மீதியை ஊகிக்கும். அம்மா வளையலைக் கழற்றி எங்கோ கொடுத்தனுப்பினாள் என்று தெரியும், ஏன் என்று தெரியாது.

போர்க்காலத்தில் எல்லாச் சாதாரண ஜனங்களும் அந்த ரெண்டுங்கெட்டான் நிலைக்குத்தான் வந்துவிடுகிறார்கள். யாரோ எங்கோ உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள், வீட்டுக்கு வருவது அரிசித் தட்டுப்பாடு மட்டும். அதனால்தான் போரைச் சொல்வதற்குத் தளபதியின் உயரத்தைவிடப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் உயரம் பல சமயம் தோதாக இருக்கிறது. என்ன சமைத்தார்கள் என்று நீங்கள் தேடுவதும் அந்த உயரத்திலிருந்துதான். ஒரே ரசனைக்கு நூலகத்தில் இரண்டு தட்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

'டோட்டோ சா'னையே எடுத்துக்கொள்வோம், உங்களுக்கு அது மனப்பாடம் என்பதால். தெட்சுகோ குரோயாநாகி 1981இல் ஜப்பானில் வெளியிட்ட புத்தகம். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வழியாக வந்து பல பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்துவிட்டது. கண்டிப்பாகப் பார்த்தால் அது நாவல் இல்லை, நடந்த கதை. ஓடாத ரயில் பெட்டிகளில் வகுப்பு நடத்திய டோமோயி பள்ளி உண்மையிலேயே டோக்கியோவில் 1937இல் தொடங்கி 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. ரயில் ஜங்ஷன் ஊர்க்காரியான உங்கள் மகளுக்கு அந்தப் பெட்டிகள் எவ்வளவு பிடித்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது.

அந்தப் புத்தகத்தில் போர் எங்கே வருகிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். முக்கால்வாசிப் புத்தகம் வரை போர் என்ற சொல்லே அபூர்வம். ஆனால் ரயில் நிலையத்தில் ஒரு மிட்டாய் இயந்திரம் இருக்கிறது. காசு போட்டால் காரமெல் மிட்டாய் வரவேண்டும். வருவதில்லை. உள்ளே சரக்கு தீர்ந்து வெகுநாள் ஆயிற்று. டோட்டோ சானுக்கு அது புரியாது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஆட்டிப் பார்க்கிறாள். ஒரு நாட்டின் சர்க்கரைக் கையிருப்பு தீர்ந்துபோனதைச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? பிறகு அப்பாவின் வயலின். ஆயுதத் தொழிற்சாலையில் போய்ப் போர்ப் பாட்டு வாசித்தால் அரிசியும் சர்க்கரையும் தருவார்கள். வீட்டில் பசி. அவர் தன் வயலினில் அதை வாசிக்க விரும்பவில்லை. பிறகு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடித்த பள்ளிப் பணியாளர் படைக்கு அழைக்கப்பட்டுப் போகிறார், பிள்ளைகள் அவரை வழியனுப்புகிறார்கள். ஒவ்வொன்றாகச் சாமான் குறைகிறது, ஆள் குறைகிறது. கடைசியில் பள்ளிக்கூடமும் போய்விடுகிறது. பள்ளி எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற தலைமையாசிரியர் கோபயாஷி, அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று மகனிடம் கேட்கிறாரே, அந்த இடத்தில் நீங்கள் மூன்று தடவையும் நிறுத்தியிருப்பீர்கள். நானும் நிறுத்தினேன். நமக்கு இத்தனை வயதாகியிருப்பதால்தான் அந்தக் கேள்வி என்ன விலை பெறும் என்று தெரிகிறது. உங்கள் மகளுக்கு இப்போதைக்கு மிட்டாய் இயந்திரம் போதும். (குரோயாநாகி 42 ஆண்டுகள் கழித்து, 2023இல், அதன் தொடர்ச்சியை ஜப்பானிய மொழியில் எழுதினார். டோக்கியோவிலிருந்து வெளியேறிய பிறகு நடந்ததெல்லாம் அதில் வருகிறது. தமிழ்ப் பதிப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் கவனிக்கவும்.)

அதே மாதிரி இன்னொரு புத்தகம், போர்ப் புத்தகம் என்று யாரும் சொல்லாதது: 'குட்டி இளவரசன்'. தமிழில் க்ரியா வெளியிட்டது. செந்த்-எக்சுபெரி பிரெஞ்சு விமானி. தன் நாடு ஜெர்மனியின் பிடியில் இருக்கும்போது அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதி 1943இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 31 அன்று வேவு பார்க்கப் பறந்தவர் திரும்பவில்லை. அந்தச் சமர்ப்பணப் பக்கத்தை இந்த விவரத்தோடு இன்னொரு தடவை படியுங்கள். பிரான்சில் பசியிலும் குளிரிலும் இருக்கிற நண்பனுக்காக எழுதியது அது.

இனி மாமியாரின் கவலை. அதைக் கிண்டல் செய்யமாட்டேன், அதில் பாதி நியாயம். நல்ல புத்தகம், வீட்டில் எல்லாரும் படிக்கிற புத்தகம் என்று நாம் சொல்லும்போது சாவு, பயம், கெட்ட மனிதர் எதுவும் இல்லாதது என்று நினைத்துக்கொள்கிறோம். நீங்களே படித்த 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' எதைப் பற்றியது? குழந்தைகளிடம் பெரியவர்கள் தவறாக நடந்துகொள்வதைப் பற்றியது. யெஸ். பாலபாரதி அதை எழுதி 2020இல் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய விருது பெற்றார். அதைவிடக் கனமான விஷயம் உண்டா? இருந்தும் அதை மகள் கையில் தயங்காமல் கொடுத்தீர்கள். காரணம், அந்தப் பிள்ளை தனியாக விடப்படவில்லை. கேட்க ஒரு மரப்பாச்சி இருக்கிறது, சொல்ல ஒரு வழி இருக்கிறது. போர்க் கதையிலும் நான் அதைத்தான் பார்ப்பேன். எத்தனை பேர் சாகிறார்கள் என்று எண்ணமாட்டேன். மோசமானது நடக்கும்போது அந்தப் பிள்ளையின் பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா? ஆள் இல்லையென்றால் எழுதியவரின் குரலாவது நிற்கிறதா?

சூளையிலிருந்து சாமான் எடுத்ததும் விரலால் சுண்டிப் பார்ப்பீர்கள் இல்லையா, விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சத்தத்தில் தெரிந்துவிடும் என்று? போர் நாவலைச் சுண்டிப் பார்க்க ஓர் இடம் உண்டு: எதிரி. எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு மனிதனுக்காவது பசியோ குளிரோ வீட்டு நினைவோ இருக்கிறதா என்று பாருங்கள். அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு சாக மட்டும் வருகிறார்கள் என்றால் அது மொண்ணைச் சத்தம். அந்தப் புத்தகத்தைப் பெரியவர்களே படிக்க வேண்டாம்.

நான் ஒரு தடவை சுண்டிப் பார்க்காமல் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பையன், பன்னிரண்டு வயது, கிரிக்கெட் பைத்தியம். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாயகனும் கிரிக்கெட் ஆடுகிறவன், ரயில்வே குடியிருப்பில் மாடு மேய்க்கிறவன், நகைச்சுவையாகப் போகும் என்று கொடுத்துவிட்டேன். 1948இல் ஹைதராபாத் சமஸ்தானம் கொந்தளித்த காலத்தை இவ்வளவு அருகிலிருந்து காட்டிய தமிழ் நாவல் வேறு இல்லை. ஆனால் கடைசிப் பக்கங்களை நான் மறந்திருந்தேன். பையன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வாரம் வீட்டுப் பக்கம் வரவுமில்லை. அந்தப் பக்கங்கள் பெரியவர்களையே உலுக்கிவிடும். உங்கள் மகளுக்குப் பதினாறு, பதினேழு ஆகட்டும். நீங்கள் இன்றைக்கே படியுங்கள்.

இப்போது அவளுக்கு என்ன? ஆன் ஃபிராங்க் டைரியை இன்னும் ஓராண்டு கழித்துக் கொடுக்கலாம். ஆனுக்கு அந்த நோட்டு கிடைத்ததே பதின்மூன்றாவது பிறந்த நாளன்று, 1942 ஜூன் 12இல். சம வயதில் படித்தால்தான் அவள் அம்மாவிடம் போடுகிற சண்டை புரியும். பெரியவர்கள் அதைச் சோகப் புத்தகமாக மட்டும் படிக்கிறோம். பிள்ளைகள் அதில் உள்ள சிரிப்பையும் அவளுடைய வாய்த்துடுக்கையும் பிடித்துக்கொள்கிறார்கள். எட்டுப் பேர் ஒளிந்திருந்த இடத்தில் உருளைக்கிழங்கு உரிப்பதற்கு நடந்த சண்டைகள் உங்களுக்குப் பிடித்திருக்குமே!

இப்போதே தரலாம் என்றால் ஹிரோஷிமாவின் சடாகோ சசாகி கதை. குண்டு விழும்போது இரண்டு வயது, 1955 அக்டோபரில் ரத்தப் புற்றுநோயால் இறக்கும்போது பன்னிரண்டு. ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் நோய் தீரும் என்று மடித்த பெண். எலினார் கோயர் 1977இல் எழுதிய சிறுவர் நாவலால் உலகம் முழுக்கப் பரவியது. அந்த நாவலில் அவள் 644 கொக்கோடு நின்றுவிடுகிறாள், மீதியைத் தோழர்கள் மடிக்கிறார்கள். நடந்தது அப்படி இல்லை, ஆயிரத்துக்கு மேலேயே மடித்தாள் என்கிறார்கள் குடும்பத்தார். மகளிடம் இதைச் சொல்லி, எழுத்தாளர் ஏன் எண்ணிக்கையைக் குறைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். முடிக்காமல் செத்தால் சோகம் கூடுமா, முடித்தும் செத்தால் கூடுமா? வரலாற்று நாவல் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. எனக்கு முடித்தும் செத்ததுதான் தாங்கவில்லை.

வீட்டில் யாராவது பழைய இடதுசாரி இருந்தால் பரணில் தேடச் சொல்லுங்கள். சோவியத் புத்தகங்கள் கெட்டி அட்டையில், கொள்ளை மலிவாக வந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. போரிஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை' பூ. சோமசுந்தரம் மொழிபெயர்ப்பில் வந்தது. விமானம் நொறுங்கிக் காட்டில் விழுந்த விமானி பதினெட்டு நாள் பனியில் ஊர்ந்து உயிர் பிழைக்கிறான், இரண்டு கால்களும் போகின்றன, பொய்க்காலோடு மறுபடி விமானம் ஓட்டுகிறான். மரேசியெவ் என்ற உண்மையான விமானியின் கதை அது. கொஞ்சம் பிரச்சார வாடை உண்டு. பன்னிரண்டு வயதுக்கு அது உறைக்காது. காட்டில் அவன் எறும்பைத் தின்கிற பக்கங்கள்தான் நிற்கும். அதே மொழிபெயர்ப்பாளரின் இன்னொரு புத்தகம் 'அதிகாலையின் அமைதியில்', போரிஸ் வசீலியெவ் எழுதியது. ஐந்து பெண்கள், ஒரு சார்ஜண்ட், எதிரே பதினாறு ஜெர்மானியர். 2009இல் வந்த 'பேராண்மை' படத்துக்கு மூலம் அதுதான். அந்த ஐந்து பேரும் உங்கள் மனதில் தங்கிவிடுவார்கள் என்பதால் இது முதலில் உங்களுக்கு. மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில்.

'புயலிலே ஒரு தோணி' பாதி புரியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். ப. சிங்காரம் வாசகர்மேல் இரக்கம் காட்டுகிற ஆள் இல்லை. மெடான் தெருவிலிருந்து மதுரைத் தெருவுக்கும், மலாய்ச் சொல்லிலிருந்து செட்டிநாட்டுப் பேச்சுக்கும், கேலியிலிருந்து தத்துவத்துக்கும் மூச்சுவிடாமல் தாவுவார். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, இளம் வயதிலேயே இந்தோனேசியாவுக்குப் போய், ஜப்பானிய ஆட்சியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தார். வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல். நீங்கள் தலைகீழாக ஆரம்பித்துவிட்டீர்கள். 1959இல் வந்த முதல் நாவல் 'கடலுக்கு அப்பா'லைப் படியுங்கள். உங்களுக்கென்றே எழுதியதுபோல இருக்கும். செல்லையா வட்டிக்கடைப் பையன், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி பிடித்துவிட்டுத் திரும்பியவன். முதலாளியின் மகள் மரகதத்தைக் கட்டிக்கொள்ளலாம் என்றிருந்தவன். துப்பாக்கி தூக்கியவன் இனிமேல் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்குப் பார்ப்பானா என்று முதலாளி வானாயீனாவுக்குச் சந்தேகம். போர் முடிந்த பிறகு ஒரு கடைக்குள், ஒரு வீட்டுக்குள், அது என்ன செய்துவிட்டுப் போயிற்று என்பதுதான் நாவல். மரகதத்தின் அம்மா காமாட்சியம்மாளைக் கவனியுங்கள். கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், உங்களுக்கு வானாயீனாவின் பக்க நியாயமும் புரிந்துவிடும். அதுதான் கஷ்டம். அதை முடித்துவிட்டு 'தோணி'க்குத் திரும்பினால் அலை கொஞ்சம் அடங்கியிருக்கும்.

நம்மைப் பற்றி இருக்கிறதா என்று கேட்டீர்களே, இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. அ. ரெங்கசாமி அதே ரயில் பாதையை வைத்து 'நினைவுச் சின்னம்' எழுதினார், இந்திய தேசிய ராணுவத்தை வைத்து 'இமையத் தியாகம்' எழுதினார். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. உலகத்துக்கு அது க்வாய் நதிப் பாலத்துச் சினிமாவாகத்தான் தெரியும், அதில் வருகிறவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளிகள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியில் ஏற்றப்பட்ட தமிழர்கள் அதில் பெரும் கூட்டம். காலராவில் செத்தவர்களுக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை. இவை பெரியவர்களுக்கான நாவல்கள், நடை கரடுமுரடாக இருக்கும். உங்களுக்கு அது தடையாக இருக்காது என்று நினைக்கிறேன். சோறு எங்கே கிடைத்தது என்ற கேள்விதான் பக்கத்துக்குப் பக்கம்.

ஆனால் மகள் வயதுக்கு? இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். நேதாஜியின் ராணி ஜான்சி படையில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் சேர்ந்தார்கள், பதினாறு பதினேழு வயதுக்காரர்களும் இருந்தார்கள். ஒரு பெண் பால்மரக் கத்தியைப் போட்டுவிட்டுத் துப்பாக்கி எடுத்த கதை ரெண்டுங்கெட்டான் வயதுக்கு எவ்வளவு பொருத்தம்! 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியானது. கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். மறுவருஷம் டோக்கியோவின் உயெனோ பூங்காவிலும் அதுவே நடந்தது, யானைகளைப் பட்டினி போட்டார்கள். அந்த யானைகளைப் பற்றி யூகியோ சுச்சியா எழுதிய படக்கதையை ஜப்பானியப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்து அழுகிறார்கள். சென்னைச் சிங்கத்தைப் பற்றி யாராவது எழுதட்டும், முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.

இதற்கு ரொம்பப் பக்கத்தில் வருவது, சென்னையில் வளர்ந்து அமெரிக்காவில் இருக்கும் பத்மா வெங்கட்ராமன் ஆங்கிலத்தில் 2008இல் எழுதிய 'கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்'. காலம் 1941. வித்யாவுக்குப் பதினைந்து வயது. போராட்டத்தில் அடிபட்ட அப்பாவுக்கு மூளை பாதிக்கப்பட, குடும்பம் சென்னையில் தாத்தாவின் கூட்டுக் குடும்பத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே ஆண்கள் மாடியில், பெண்கள் கீழே. புத்தகங்கள் மாடியில். வீட்டில் காந்தி பேச்சு, அண்ணனோ ஹிட்லரை எதிர்க்கவேண்டும் என்று வெள்ளைக்காரன் படையில் சேருகிறான். யார் பக்கம் நியாயம் என்று அந்தப் பெண்ணால் சுலபமாகச் சொல்ல முடிவதில்லை. மகள் ஆங்கிலப் புத்தகம் படிப்பாள் என்றால் இன்னும் இரண்டு வருஷத்தில் தாராளமாகக் கொடுங்கள். நீங்கள் இப்போதே அகராதியோடு உட்காரலாம், நடை எளிது.

தமிழில் சரித்திரத்தைச் சிறுவர்களுக்கு எழுத முடியாது என்று இல்லை. உதயசங்கர் கீழடியை வைத்து எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இல் பால சாகித்ய விருது வாங்கியது. பொம்மை செய்கிற வீட்டில் அது இல்லாமல் இருக்கக் கூடாது. உங்கள் வட்டாரத்தில் எழுதுகிறவர்களுக்கும் பஞ்சம் இல்லை. இமையம், கண்மணி குணசேகரன், கடலூரில் ஆயிஷா நடராசன். புதுமைப்பித்தனுக்கு வீட்டில் வைத்த பெயரே விருத்தாசலம்தான்.

போரைத் தேடி பர்மாவுக்கும் போகவேண்டாம். உங்கள் பழமலைநாதர் கோயிலின் உயர்ந்த மதிலுக்குள் கர்நாடகப் போர்க் காலத்தில் படை தங்கியிருந்தது. 1751இல் ராபர்ட் கிளைவ் துணைப்படையோடு உங்கள் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது பாளையக்காரர் ஆட்கள் மறித்துத் தாக்கினார்கள், குதிரை வேகமாக ஓடியதால் தப்பினான். முப்பது வருஷம் கழித்து, 1781 ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் தளபதியின் உயரத்திலிருந்து எழுதிவைத்துவிட்டார்கள். மணிமுத்தாற்றில் தண்ணீர் எடுக்கப் போன பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அந்த வாரம் என்ன தெரிந்தது, கோயிலுக்குள் சிப்பாய் இருந்தபோது ஊரில் எந்த வீட்டு நெல் போயிற்று என்று யாரும் எழுதவில்லை. கொழுந்தனார் தமிழாசிரியர் என்கிறீர்கள். கேலி செய்கிற நேரத்தில் ஓர் அத்தியாயம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நூலகத்தில் கேட்ட புத்தகம் இல்லையென்றால் கோரிக்கைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வாருங்கள், சும்மா வராதீர்கள். நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடக்கும் சமயம் பழைய புத்தகக் கடைகளையும் விடாதீர்கள். பூந்தளிர் இதழ்கள், வாண்டுமாமா எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

கடைசியாக மாமியார். அவரைத் தவிர்த்துவிட்டுப் படிக்காதீர்கள். அறுபதுகளின் அரிசித் தட்டுப்பாட்டில் அவர் சின்னப் பெண்ணாக இருந்திருப்பார். கடை வாசலில் பையோடு நின்ற ஞாபகம் இருக்கலாம். பர்மாவிலிருந்து வந்து இறங்கிய குடும்பங்களைப் பார்த்திருக்கவும் கூடும். சூளை ஆறுகிற ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் விடுமுறையாகவும் இருந்தால், பேத்தியை 'டோட்டோ சா'னில் அந்த மிட்டாய் இயந்திரம் வருகிற பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி அவரைக் கேட்கவையுங்கள். வாசித்து முடித்ததும் நீங்கள் ஒன்றும் பேசவேண்டாம். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.